காற்றும் எண்ணெயும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து மேற்கே செல்லும் பெருந்தெரு பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலணையை அடைகின்றது. அங்கிருந்து வாணர் தாம்போதி வழியாகப் புங்குடுதீவினுட் புகுந்து, குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிகின்றது. அதற்கப்பால் கடல், கடலுக்கப்பால் நயினாதீவு. நாகபூஷணி அம்மன் கோயிலின் ஆனித் திருவிழாவுக்குச் செல்லும் அடியாரும், நாகவிகாரையை வழிபடச் செல்லும் பௌத்தரும் தெருவின் எல்லைவரை மோட்டர் வண்டியிலும், அவ்வெல்லைக்கு அப்பால் மோட்டர் வள்ளத்திலும் செல்வது நெடுநாளைய வழக்கம். இத்தெருவில் வாடகைக்கு ஓடிய வண்டிகளுள் ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் என்னும் இரண்டும் தலைமுறை கடந்து பெயர் பெற்றவை. அவ்வண்டிகளின் பொனற்றைத் திறந்தால், எஞ்சினின் பக்கத்தே இரு கைகளுள் அடங்கத்தக்க ஓர் உலோகக் கருவி தென்படும். காபுரேற்றர் என்பது அதன் பெயர்.

காபுரேற்றருக்கு உலகில் இருவகை வரலாறு உண்டு. ஒன்று வேகத்தை விரும்பியோர் எழுதிய வரலாறு. பந்தயக் கார்களின் எஞ்சினில் இரண்டும் மூன்றுமாகக் காபுரேற்றர்களைப் பூட்டி, ஒவ்வொரு குதிரை வலுவாகச் சேர்த்த கதை அது. நூல்களிலும் சஞ்சிகைகளிலும் விரிவாகப் பதிவாகியுள்ளது. மற்றையது தட்டுப்பாட்டைக் கடக்க முயன்றோரின் வரலாறு. கிடைத்த எண்ணெயைக் கொண்டு எஞ்சினை உயிரோடு வைத்திருந்த கதையான இது, யாழ்ப்பாணத்துக் கராச்சுகளில் நிகழ்ந்தும் பெரும்பாலும் எழுதப்படாமலே கிடக்கின்றது. இவ்விரு வரலாறுகளும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை என்பதை ஆராய்ந்து காணலாம்.

காபுரேற்றரின் தொழில் யாது? பெற்றோல் நீர்மமாக நின்று எரிவதில்லை. ஆவியாகிக் காற்றோடு கலந்த பின்னரே எரிகின்றது. ஒரு லீற்றர் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறக்குறைய 9,000 லீற்றர் காற்று வேண்டும். நிறையால் நோக்கின் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று எனக் கணக்கிடுவர். எண்ணெய் இதனினும் மிகுந்தால் எஞ்சின் கரும்புகை கக்கும்; குறைந்தால் தடுமாறி நின்றுவிடும். வண்டி மேட்டில் ஏறினும், பள்ளத்தில் இறங்கினும், சந்தியில் நின்று உறுமினும், இக்கலவையைக் கணந்தோறும் அளந்து கொடுப்பதே காபுரேற்றரின் கடமையாகும்.

அஃது இதனைச் செய்யும் முறை எளியது. இத்தாலியரான வெந்தூரி என்பார் 1797இல் ஓர் உண்மையை விளக்கினார். அகன்ற குழாயில் ஓடும் பாய்பொருள் இடையில் ஒடுங்கிய பகுதியைக் கடக்கும்போது விரைவு கூடுகின்றது. அங்கே அதன் அமுக்கம் குறைகின்றது. காபுரேற்றரின் தொண்டையும் இவ்வாறே நடுவில் ஒடுங்கியது. எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது ஒடுங்கிய இடத்தில் அமுக்கம் குறைய, பக்கத்திலுள்ள மிதவைக் கிண்ணத்திலிருந்து பெற்றோல் ஜெற் என்னும் நுண்துளை வழியாகப் பீறிட்டுத் தூவலாய் வெளிப்படுகின்றது. இவ்வகைத் தூவற் காபுரேற்றரை 1893ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் மைபாக் என்பாரும், ஹங்கேரியில் பாங்கி, சொங்கா என்னும் இருவரும் தனித்தனியே அமைத்தனர். அதற்கு முன்னர், 1886இல் பென்ஸ் காப்புரிமை பெற்ற முதல் மோட்டர் வண்டியில், எரிபொருளின் மேற்பரப்பில் எழும் ஆவியே பயன்பட்டது. 1888இல் அவருடைய மனைவி பெர்த்தா அவ்வண்டியை நெடுந்தூரம் ஓட்டிச் சென்றபோது, வழியில் ஒரு மருந்துக்கடையிலேயே எரிபொருள் வாங்க நேர்ந்தது. எண்ணெயைத் தேடி அலைதல் மோட்டர் வண்டியோடு கூடப் பிறந்த துன்பம் எனலாம்.

இங்கிலாந்தில் ஸ்கின்னர் என்னும் சகோதரர் அமைத்த காபுரேற்றர் 'எஸ்.யூ.' என்னும் சுருக்கப் பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது. அவர்களுடைய நிறுவனம் 1910இல் தோன்றியது. குடும்பத் தொழில் சப்பாத்து வாணிகம். முதற் காபுரேற்றர்களில் விரிந்து சுருங்கும் உறுப்பு தோலினாற் செய்யப்பட்டிருந்தது. பின்னர் அதனிடத்தில் உலோகப் பிஸ்ரன் வந்தது. எஞ்சின் எவ்வளவு காற்றை வேண்டுகின்றதோ அவ்வளவுக்கு அப்பிஸ்ரன் தானாக உயரும். அதனோடிணைந்த கூரிய ஊசி ஜெற்றின் துளையை அவ்வளவுக்குத் திறந்துவிடும். எளிமையும் நுட்பமும் பொருந்திய இவ்வமைப்பு மொறிஸ் கார்களுக்கும் எம்.ஜி. என்னும் பந்தய இனக் கார்களுக்கும் உரியதாயிற்று.

ஒரே குடும்பத்து வண்டியில் ஒரு காபுரேற்றருக்கும் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒஸ்ரின் ஏ 40 கொண்டே அறியலாம். 1947இல் வெளிவந்த ஏ 40 டெவன் 1,200 கன சென்ரிமீற்றர் எஞ்சினையும் ஒற்றைக் காபுரேற்றரையும் உடையது. அதன் வலு 40 குதிரை. 1950 முதல் 1953 வரை அதே எஞ்சினில் இரண்டு எஸ்.யூ. காபுரேற்றர்களைப் பூட்டி, மேற்கூரை திறக்கத்தக்க ஏ 40 ஸ்போர்ட்ஸ் என்னும் வண்டியைச் செய்தனர். அதன் வலு 46 குதிரை. யாழ்ப்பாணத்தில் ஆறேழு பேரை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குச் சென்ற வாடகை வண்டியும், ஐரோப்பிய இளைஞர் விளையாட்டுக்கென வாங்கிய வண்டியும் உள்ளுறுப்பால் உடன்பிறந்தவையே.

ஆயினும் இரண்டாவது காபுரேற்றரைப் பூட்டுதல் சட்டைக்கு மேலுமொரு பொத்தான் தைப்பது போன்ற சிறுவேலை அன்று. பொனற்றின் கீழ் இடம் குறுகியது. காற்று உட்செல்லும் குழாயும் சூடான புகை வெளியேறும் குழாயும் பெரும்பாலும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நிற்கும். காபுரேற்றர் அச்சூட்டுக்கு மிக அணித்தாக அமைந்தால் கிண்ணத்திலுள்ள பெற்றோல் கொதித்து ஆவியாகும். ஆதலின் இடையே சூட்டைத் தடுக்கும் தகடு வேண்டும். மிதவைக் கிண்ணம் நேர்மட்டத்தில் நிற்றல் வேண்டும். சாய்ந்தால் அளவு பிழைக்கும். இரண்டு காபுரேற்றர்களின் வாயில்களும் ஒரே கணத்தில் ஒரே அளவு திறக்குமாறு தண்டுகளை இணைத்தல் வேண்டும். கைதேர்ந்த மெக்கானிக் இறப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு காபுரேற்றரின் வாயிலும் மாறிமாறி வைத்துக் காற்றின் சீற்றத்தைக் கேட்பார். இரண்டின் ஒலியும் ஒத்திருக்கும்வரை திருகாணியைத் திருத்துவார். கண்ணால் ஆகாததைக் காதால் அளக்கும் கலை இது.

இக்கலை இலங்கைக்கும் தமிழகத்துக்கும் புதிதன்று. நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில், 1950களிலிருந்து கார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. வார நாட்களில் அலுவலகத்துக்குச் செல்லும் காரையே வார இறுதியிற் பந்தயத்துக்கேற்பத் திருத்தியோர் இவ்விடங்களில் உண்டு. இத்தகையோர் பெரிதும் விரும்பிய மற்றொரு கருவி இத்தாலிய நாட்டு வெபர் காபுரேற்றர். இரண்டு தொண்டைகளையுடையதும் கிடையாகப் பொருத்தத்தக்கதுமான அதன் உயர்ந்த வகை, பந்தய எஞ்சினுக்கு அடையாளமாகவே மதிக்கப்பட்டது.

வெபர் காபுரேற்றரைப் படைத்த எடுவார்டோ வெபரின் முற்கதையே இவ்விரு வரலாறுகளும் சந்திக்கும் இடம். பியற் கார் நிறுவனத்திற் பணியாற்றிய அவர், முதலாம் உலகப் போரின் பின் இத்தாலியிற் பெற்றோலின் விலை உயர்ந்தபோது, லொறிகளை மண்ணெண்ணெயில் ஓடச்செய்யும் மாற்றுக் கருவிகளை விற்றுப் பெயர் பெற்றார். 1923இல் பொலோஞா நகரில் அவர் நிறுவனம் தொடங்கியது இதன் பின்னரே. உலகின் வேகமான கார்களுக்குக் காபுரேற்றர் அளித்தவர் தமது கைத்திறனை முதலிற் காட்டியது மலிவான எண்ணெயை எரிப்பதிலே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. காற்றையும் எண்ணெயையும் சரியாகக் கலக்கக் கற்றவன் அவ்வறிவை வேகத்துக்கும் செலவிடலாம், சிக்கனத்துக்கும் செலவிடலாம்.

மண்ணெண்ணெய் பெற்றோலைப் போன்றதன்று. பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே எளிதில் ஆவியாகும். மண்ணெண்ணெயோ ஏறக்குறைய 150 பாகை சென்ரிகிரேட்டுக்கு மேலேதான் கொதிக்கத் தொடங்குகின்றது. குளிர்ந்த எஞ்சினுள் அது தூவலாய் நுழைந்தாலும் துளித்துளியாய்ச் சுவர்களிற் படிந்துவிடும்; தீப்பொறிக்குப் பற்றாது. ஆனால், பெற்றோலினால் எஞ்சினை எழுப்பி நன்கு சூடேற்றிய பின் மண்ணெண்ணெயைக் கொடுத்தால், அச்சூட்டினாலேயே அஃது ஆவியாகி எரியும். 1917இல் வெளிவந்த போட்சன் உழவு இயந்திரமும், 1949இல் வெளிவந்த பேர்கசனின் ஒரு வகையும் இம்முறையிலே இயங்கின. தொடக்கத்துக்குச் சிறிய பெற்றோல் தாங்கி. வேலைக்குப் பெரிய எண்ணெய்த் தாங்கி. இடையே ஒரு திருகுவாய்.

தமிழகத்தில் வேறொரு வழி பின்பற்றப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது பெற்றோல் அருகியதும் பேருந்துகளின் பின்புறத்திற் கரி அடுப்புகள் பூட்டப்பட்டன. கரியை அரைகுறையாக எரித்துப் பெற்ற வாயுவைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு ஊட்டினர். மதுரை டி. வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் இத்தகைய வாயுக் கலங்களைச் செய்து பரப்பியது. தட்டுப்பாடு வந்தபோது எஞ்சினைக் கைவிடாமல், அதற்கு ஊட்டும் உணவை மாற்றியமைத்தனர்.

யாழ்ப்பாணத்தில் இவ்வறிவு வயலிலும் தோட்டத்திலும் வேரூன்றியிருந்தது. ஆறில்லாத குடாநாடு அது. கிணற்று நீரே பயிருக்கு ஆதாரம். துலா மிதித்து இறைத்த காலம் மாறி, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவின. புகையிலை, வெங்காயம், மிளகாய்த் தோட்டங்களில் அவற்றின் ஓசை விடியற்காலத்தின் இயல்பான ஓசையாயிற்று. சிறிதளவு பெற்றோல் ஊற்றிக் கயிற்றை இழுத்து எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுதல் கமக்காரரின் பிள்ளைகளும் அறிந்த வேலை. பிற்காலத்தில் வாடகைக் கார்களைக் காத்த நுட்பத்துக்கு இத்தோட்டங்களே பள்ளிக்கூடங்களாய் இருந்தன.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. வடபகுதிக்குப் பெற்றோல், டீசல், மின்கலம், சீமெந்து முதலிய பல பொருள்கள் செல்வது தடைப்பட்டது. மின்சாரமும் நின்றது. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்பட்ட அளவிற் கிடைத்தது. விலையும் மிக உயர்ந்தது. புதிய வகை யப்பானியக் கார்கள் பல முற்றங்களில் முடங்கின. மக்கள் சைக்கிளுக்கு மாறினர். ஆயினும் பிரசவ வேதனையுற்ற பெண்ணையோ, காயமுற்றவரையோ, நடக்கவியலாத முதியவரையோ சைக்கிளில் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல் எளிதன்று. அந்நிலையிலே ஒதுக்கி விடப்பட்டிருந்த ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் மீண்டும் தெருவுக்கு வந்தன.

பழையவை ஓடின, புதியவை ஓடவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. எஞ்சின் கலவையை எத்தனை மடங்காக அமுக்குகின்றது என்பதை அமுக்க விகிதம் என்பர். விகிதம் உயர உயர வலுவும் கூடும். ஆனால் தாழ்ந்த தர எரிபொருள் உரிய நேரத்துக்கு முன்னரே வெடித்து, உலோகத்தைச் சுத்தியலால் அடிப்பது போன்ற தட்டலை உண்டாக்கும். மண்ணெண்ணெய் இத்தட்டலுக்கு மிக எளிதில் இடங்கொடுப்பது. ஏ 40, தொடக்க கால மொறிஸ் மைனர் போன்றவற்றின் அமுக்க விகிதம் ஏறக்குறைய 7க்கு 1 ஆகும். போரையடுத்த காலத்துத் தரம் குறைந்த பெற்றோலுக்கென அமைக்கப்பட்ட எஞ்சின்கள் அவை. பொறியியலார் குறையெனக் கருதித் திருத்திய அத்தாழ்ந்த விகிதமே, நாற்பது ஆண்டுகளின் பின் யாழ்ப்பாணத்தில் அவற்றுக்கு ஆயுளாயிற்று.

எஞ்சினை எழுப்பும் முறை தோட்டத்து முறையே. சிறு போத்தலில் உயிர்போலக் காத்துவைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபுரேற்றரின் வாயினுள் விடுவர். எஞ்சின் எழுந்ததும் அதனை வேகமாக ஓடவிட்டுச் சூடேற்றுவர். பின்னர் மண்ணெண்ணெய் வழி திறக்கப்படும். தீப்பொறியின் நேரத்தைச் சற்றுப் பிந்தச் செய்தால் தட்டல் குறையும். நீண்ட பயணத்தின் நடுவே எஞ்சினை அணைத்துவிட்டால் மீண்டும் எழுப்பப் பெற்றோல் வேண்டும். ஆதலின் தேவையில்லாமல் அணைத்தல் தவிர்க்கப்பட்டது. தெருவோரங்களிற் போத்தலில் நிறுத்து எண்ணெய் விற்கப்பட்டது. மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கிய 1888ஆம் ஆண்டின் நிலை, நூறாண்டு கடந்து இங்கே வேறுருவில் திரும்பியிருந்தது.

இதற்குரிய விலையையும் மறைத்தல் ஆகாது. முற்றாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனின் வளையங்களைக் கடந்து கீழிறங்கி, மசகெண்ணெயை நீர்க்கச் செய்யும். நீர்த்த எண்ணெய் உராய்வைத் தடுக்கமாட்டாது. எஞ்சின் விரைவில் தேயும். பிளக்கின் முனையிற் கரி படிவதால் அதனை அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டும். தெருவெங்கும் கண்ணைக் கரிக்கும் வெண்புகை நிறைந்தது. சூடான எஞ்சினுக்கு அருகிற் போத்தலும் பெற்றோலும் வைத்து வேலை செய்வதில் தீவிபத்தின் அச்சமும் உண்டு. உதிரிப் பாகம் வெளியிலிருந்து வராத நாட்களில், தேய்ந்த ஜெற்றும் கிழிந்த கஸ்கெற்றும் உள்ளூரிலேயே திருத்தப்பட வேண்டியிருந்தன. வேகத்தை நாடும் மெக்கானிக், தவறினால் ஒரு பந்தயத்தை இழப்பார். இங்கே தவறினால், வண்டியினுள்ளே படுத்திருக்கும் நோயாளி நடுத்தெருவில் நின்றுவிடுவார்.

பந்தயக் காருக்கு இரண்டு காபுரேற்றர்களை இசைவிக்கும் தொழிலாளியும், மண்ணெண்ணெய்க்கு ஒற்றைக் காபுரேற்றரைப் பழக்கும் தொழிலாளியும் கேட்கும் கேள்விகள் ஒன்றே. காற்று எவ்வளவு? எண்ணெய் எவ்வளவு? சூடு எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்? முன்னையவர் காபுரேற்றரைப் புகைக்குழாயின் சூட்டிலிருந்து காப்பார். பின்னையவர் அச்சூட்டையே துணையாகத் தேடுவார். முன்னையவருக்கு அளவுக் கருவிகளும் கைந்நூலும் உண்டு. பின்னையவருக்குக் காதும் மூக்கும் அனுபவமுமே கைந்நூல்.

2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, கண்டி வீதி திறக்கப்பட்டபோது பெற்றோல் தாராளமாக வந்தது. போத்தல்கள் மறைந்தன. 2006இல் அவ்வீதி மீண்டும் மூடப்பட்டுத் தட்டுப்பாடு திரும்பியது. 2009 மே மாதத்திற் போர் முடிவுற்றது. அதன்பின் வந்த புதிய கார்களிற் காபுரேற்றரே இல்லை. எரிபொருளை அளந்து பீச்சும் வேலையை மின்னணுக் கருவி மேற்கொண்டுவிட்டது. எஞ்சியுள்ள ஏ 40 வண்டிகளும் மொறிஸ் மைனர்களும் இன்று திருமண ஊர்வலங்களிலும் பழங்கார்ப் பிரியரின் கொட்டில்களிலும் இடம்பெறுகின்றன. அவற்றைப் புதுப்பிப்போர் வெளிநாடுகளிலிருந்து எஸ்.யூ., வெபர் காபுரேற்றர்களை வருவித்துப் பூட்டுவதும் உண்டு. வேகத்தின் வரலாறு இவ்வாறு தன் வழியே தொடர்கின்றது.

தட்டுப்பாட்டின் வரலாறும் முடிந்துவிடவில்லை. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் பெரிய வள்ளங்கள் டீசலில் ஓடுபவை. டீசல் எஞ்சினுக்குக் காபுரேற்றர் தேவையில்லை. ஆனால் வடபகுதிக் கடலில் மீன்பிடிக்கும் சிறு படகுகளின் வெளியிணைப்பு எஞ்சின்களிற் பல இன்றும் காபுரேற்றர் உடையவை, மண்ணெண்ணெயில் இயங்குபவை. 2022இல் நாட்டைத் தாக்கிய பொருளாதார நெருக்கடியின்போது கடற்றொழிலாளர் மண்ணெண்ணெய்க்காக நாட்கணக்கிற் காத்து நின்றனர். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றரின் விலை 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தது. தீவுகளைச் சூழ்ந்த கடலில் வலை வீசும் குடும்பங்களின் அன்றாட வாழ்வு, ஒரு நுண்துளையினூடாகப் பாயும் எண்ணெயின் அளவையும் விலையையும் சார்ந்து நின்றதை அந்நாட்கள் உணர்த்தின.

மகாகஸ்தொட்டவிலும் சோழவரத்திலும் வென்றோரின் பெயர்கள் பதிவேடுகளில் உள்ளன. 1990களில் யாழ்ப்பாணத்துக் கராச்சுகளில் மண்ணெண்ணெய்க்கு எஞ்சினைப் பழக்கியோரின் தொழில்முறை அவ்வாறு பதிவாகவில்லை. எந்த ஜெற்றை எவ்வளவு பெருப்பித்தனர், தீப்பொறியை எத்தனை பாகை பின்தள்ளினர், மசகெண்ணெயை எத்தனை மைலுக்கொரு முறை மாற்றினர் என்பனவெல்லாம் அவர்களுடைய நினைவிலேயே தங்கியுள்ளன. அன்று இளைஞராய் இருந்தோர் இன்று முதுமையை நெருங்குகின்றனர். பல்கலைக்கழகமும் தொழில்நுட்பக் கல்லூரியும் அவர்களை அணுகி அவ்வறிவைக் கேட்டெழுதினால், அது பழங்கதையாக மட்டும் இராது. எரிபொருள் மீண்டும் அருகும் காலம் எந்நாட்டுக்கும் வரலாம். வந்தபோது என்ன செய்தனர் என்பதற்கு ஒரு கைந்நூல் அப்போது இருக்கும்.